தொலைவிலிருந்து படை நடத்தல்: 1767 செங்கம் – திருவண்ணாமலைப் போர்களைச் சிற்றுருப் போர் விளையாட்டாக அமைத்தல்

ஆய்வுச்சுருக்கம்

வரலாற்றுப் போர் ஒன்றைச் சிறு உருவங்களைக் கொண்டு மேசைமீது மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டில், படைத்தலைவராக ஆடுபவர் மேசையருகே இல்லாமல் வேறோர் ஊரிலிருந்து ஆணையிடும் முறை கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பரவலாயிற்று. இம்முறையில் காமிரா வழியாகக் களம் முழுவதையும் தலைவருக்குக் காட்டிவிடுவது வழக்கம். அவ்வாறு காட்டுவது போரின் இயல்பைத் திரிக்கிறது என்பதும், காட்சியை மறைத்துக் கடிதத்தை மட்டும் செல்லவிட்டால் அதே தொலைவு வரலாற்றாய்வுக்குரிய கருவியாகிவிடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. ஜவ்வாது மலையைச் சூழ்ந்து 1767இல் நடந்த முதல் மைசூர்ப் போரின் நிகழ்வுகளும், புறப்பொருள் இலக்கணம் கூறும் மன்னுறு தொழில், தன்னுறு தொழில் என்னும் பாகுபாடும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: போர் விளையாட்டு, சிற்றுரு, ஜவ்வாது மலை, செங்கம், முதல் மைசூர்ப் போர், வெட்சித்திணை, தூது.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்து ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலையின் மேல்தளத்தில் அமைந்த ஊர். இவ்வூரை நடுவாகக் கொண்டு நோக்கினால், வடமேற்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கில் ஆம்பூரும் வாணியம்பாடியும், தெற்கே செய்யாற்றங்கரையில் செங்கமும், அதற்குக் கிழக்கே திருவண்ணாமலையும் அமைகின்றன. 1767 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதங்களில் இந்த நான்கு ஊர்களிலும் போரோ முற்றுகையோ நிகழ்ந்தது. போர் மலையைச் சுற்றி வந்ததேயன்றி மலைமேல் ஏறவில்லை. அதனால் அப்போரை எழுதிய வரலாறுகளில் ஜவ்வாது மலை சாலையோரத்துச் சுவராக மட்டுமே இடம்பெறுகிறது.

அந்தச் சுவருக்கு இருபுறமும் பிரிந்து நின்ற படைகளை ஒருவர் எவ்வாறு நடத்தினார்? ஆணை பிறந்த இடத்துக்கும் அது நிறைவேற வேண்டிய இடத்துக்கும் இடையிலிருந்த தொலைவு போரின் போக்கை எவ்வளவு தீர்மானித்தது? படைத்தலைவர்களைப் பற்றி நாம் வழங்கும் தீர்ப்புகள் பலவும் இவ்வினாவைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. இரு தரப்பின் இருப்பிடத்தையும் எண்ணிக்கையையும் நூலில் ஒருங்கே படித்துவிட்ட பின்னர், ‘அன்று அவர் இப்படிச் செய்திருக்கலாம்’ என்பது எவர்க்கும் எளிது. அந்த எளிமையைக் களைவதற்குப் போர் விளையாட்டு உதவக்கூடும்.

விளையாட்டின் வரலாறு

வல்லாட்டம் முதல் சதுரங்கம் வரை படையின் சாயல் கொண்ட ஆட்டங்கள் இந்நாட்டுக்குப் புதியனவல்ல. எனினும் படைப்பயிற்சிக்கெனத் திட்டமாக வகுக்கப்பட்ட போர் விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பிரஷ்யாவில் உருவாயிற்று. தந்தை ரைஸ்விட்ஸ் தொடங்கியதை மகன் ரைஸ்விட்ஸ் செப்பனிட்டு 1824இல் விதிநூலாக வெளியிட்டார். அவ்வாட்டத்தில் 1:8000 அளவிலான நிலப்படமும், இரண்டு நிமிடத்துக்கு ஓர் அடி என்னும் காலக்கணக்கும், இரு தரப்புக்கும் இடையே ஒரு நடுவரும் இருந்தனர். ஆடுவோர் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் தருவர். பகைவர் படையில் தம் பார்வைக்கு எட்டக்கூடியதை மட்டுமே நடுவர் அவர்களுக்குக் காட்டுவார். ஆக, படைத்தலைவர் களத்தை நேரே காணாமல் ஆணையிடுதல் என்பது இணையம் தந்த புதுமையன்று. இவ்விளையாட்டு தோன்றிய நாளிலேயே அதன் உயிர்நாடியாக இருந்தது.

சிறு பொம்மைகளைக் கொண்டு ஆடும் பொழுதுபோக்கு மரபு வேறொரு கிளை. எழுத்தாளர் ஆர். எல். ஸ்டீவன்சன் 1880களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தம் மனைவியின் மகனுடன் தகரப் போர்வீரர்களை நிறுத்தி ஆடினார். எச். ஜி. வெல்ஸ் 1913இல் அத்தகைய ஆட்டத்துக்கு விதிநூலே எழுதினார். இக்கிளையில் ஆடுவோர் மேசையைச் சுற்றி நிற்பதால் களம் முழுவதும் இருவர்க்கும் வெளிப்படை. நடுவர் தேவையில்லாமற் போனார். அவரோடு மறைவும் போயிற்று.

நம்மூர் ஆடுபுலி ஆட்டத்தை இங்கு நினைவுகூரலாம். மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என எண்ணிக்கையில் சமமின்மையை அவ்வாட்டம் துணிந்து ஏற்கிறது. எனினும் புலிக்குத் தெரிவது அனைத்தும் ஆட்டுக்கும் தெரியும். 1767இன் சிக்கல் அவ்வளவு எளிதன்று. ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் கூட்டாகத் திரட்டிய படை ஏறத்தாழ 70,000. கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை ஏறத்தாழ 7,000. இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டை, ஓர் உருவுக்கு நூறு வீரர் என்று கணக்கிட்டு, 700 உருவுக்கு 70 உருவாக மேசைமேல் வைத்துவிடலாம். எவர் எதை எப்போது அறிந்தார் என்னும் வேறுபாட்டை அவ்வாறு வைத்துக் காட்ட இயலாது.

1767: ஆணையும் தொலைவும்

ஆகஸ்ட் இறுதியில் கூட்டுப்படை மலைப்பகுதியிலிருந்து இறங்கிக் காவேரிப்பட்டினத்தைக் கைப்பற்றியது. திருச்சிராப்பள்ளியிலிருந்து கர்னல் வுட் தலைமையில் வந்துகொண்டிருந்த படையோடு சேர வேண்டிய நிலையில் ஸ்மித் இருந்தார். எனவே சிங்காரப்பேட்டைக் கணவாய் வழியாக, ஜவ்வாது மலையை இடப்புறம் வைத்துக்கொண்டு, அவர் செங்கத்தை நோக்கிப் பின்வாங்கினார். செப்டம்பர் 3ஆம் நாள் செங்கத்தருகே ஹைதர் அவரைத் தாக்கினார். சாலையை அடக்கி நின்ற குன்றுகளை யார் முதலில் பிடிப்பது என்பதே அன்றைய போராட்டம். தாக்குதலை முறியடித்தும் ஸ்மித்தால் அங்குத் தங்க இயலவில்லை, படைக்கு உணவில்லை. ஏறத்தாழ 35 கி.மீ. கிழக்கே திருவண்ணாமலையில் உணவு காத்திருக்கும் என்று நம்பி நடந்தார். அந்நம்பிக்கையும் பொய்த்தது.

இது சிறு செய்தியன்று. ஆர்க்காட்டு நவாபின் ஆட்கள் அரிசி சேர்த்து வைத்திருப்பர் என்பது ஸ்மித்தின் கையிலிருந்த ஒரு தகவல். அது எழுதப்பட்டபோது எண்ணமாக இருந்தது, படிக்கப்பட்டபோது உறுதியாகத் தோன்றியது. முழுக் களத்தையும் காட்டும் மேசையாட்டத்தில் திருவண்ணாமலைக் களஞ்சியம் வெறுமையாக இருப்பதை ஸ்மித்தாக ஆடுபவர் முன்னரே கண்டுவிடுவார். வேறு வழியில் படையைத் திருப்பிவிடுவார். அப்போது ஆடப்படுவது 1767இன் போராக இராது.

செப்டம்பர் 26ஆம் நாளின் திருவண்ணாமலைப் போர் இன்னும் தெளிவான சான்று. எதிரே கிடந்த சதுப்பு நிலத்தைத் தவிர்ப்பதற்காக ஸ்மித் ஒரு குன்றைச் சுற்றிப் படையை நகர்த்தினார். அந்நகர்வைக் கண்ட ஹைதரும் நிஜாமும் அவர் பின்வாங்குகிறார் என்று கருதி, வழிமறிக்கும் நோக்கில் அதே குன்றின் மறுபுறமாக வந்தனர். இரு படைகளும் எதிர்பாராமல் எதிர்ப்பட்டன. குன்றுக்கு மேலிருந்து பார்ப்பவருக்கு இந்நிகழ்வு நகைப்பாகத் தோன்றலாம். குன்றின் மேலிருந்து பார்த்தவர் எவரும் ஆணையிடும் இடத்தில் இருக்கவில்லை.

அதே மாதத்தில் மூன்றாவது களம் ஒன்று சென்னையில் திறந்தது. பதினேழு வயது நிரம்பாத திப்பு குதிரைப்படையுடன் சென்னையின் புறநகர்ப் பகுதிகளைச் சூறையாடினார். தோட்ட வீடுகளில் இருந்த ஆளுநர் பூர்ச்சியரும் மன்றத்தாரும் மயிரிழையில் தப்பினர். திருவண்ணாமலைத் தோல்விச் செய்தி எட்டிய பின்னரே திப்பு திரும்பித் தந்தையோடு சேர்ந்தார். அச்செய்தி வழியிலிருந்த நேரம் முழுவதும் அவர் செயற்பட்டது பழைய ஆணையின்படி. மறுபுறம், கோட்டைக்குள் இருந்த மன்றத்தார்க்குத் தம் கண்ணெதிரே பகைவரின் குதிரைகள். தொலைவில் ஸ்மித்தின் வெற்றி. எது போரின் உண்மை நிலை என்று அவர்கள் எண்ணியிருப்பர்?

பாலாற்றுப் பக்கம் கதை வேறு வகையாகத் திரும்பியது. நவம்பரில் வாணியம்பாடியைப் பிடித்த ஹைதர் ஆம்பூரை முற்றுகையிட்டார். கேப்டன் கால்வர்ட், டிசம்பர் தொடக்கத்தில் ஸ்மித் வந்து விடுவிக்கும்வரை நான்கு வாரங்கள் மலைக்கோட்டையைக் காத்தார். முற்றுகைக்குள் இருப்பவருக்கு மேலாணை என்பது கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

ஆணையிடுவோர் தொலைவின் கேட்டை உணர்ந்ததற்கும் சான்றுண்டு; ஆனால் அவர்கள் கண்ட மருந்து நோயினும் கொடிது. 1768இல் சென்னை மன்றம் தன் பிரதிநிதிகளையே ஸ்மித்தின் பாசறைக்கு அனுப்பி, படைநடத்தையில் தலையிடும் அதிகாரத்தையும் தந்தது. நவாபும் உடனிருந்தார். தொலைவு குறைந்தது, ஆனால் ஒரு படைக்குப் பல வாய்கள் முளைத்தன. அவ்வாண்டு இறுதியில் ஸ்மித் சென்னைக்குத் திருப்பியழைக்கப்பட்டார்; தலைமை வுட்டிடம் சென்று, அங்கும் தங்காமல், மீண்டும் ஸ்மித்திடமே வந்தது. மார்க் வில்க்ஸ் தம் தென்னிந்திய வரலாற்று நூலில் இம்மன்றத்தைக் கடுமையாகச் சாடுகிறார். அவரும் ஒரு படை அதிகாரி என்பதை நினைவில் கொண்டு அக்கடுமையைச் சற்றுத் தணித்தே படிக்க வேண்டும்.

மன்னுறு தொழிலும் தன்னுறு தொழிலும்

தொலைவிலிருந்து வரும் ஆணை என்னும் கருத்தைத் தமிழ்ப் புறத்திணை மரபு தொடக்கத்திலேயே எதிர்கொண்டது. தொல்காப்பியம் வெட்சியை வேந்தனால் விடுக்கப்பட்ட வீரர்களின் செயலாகவே வரையறுக்கிறது. ஆநிரை கவரும் இடத்தில் வேந்தன் இல்லை. அவன் சொல் மட்டுமே அங்குச் செல்கிறது. ஒற்றரால் செய்தி அறியும் ‘வேய்’ வெட்சியின் துறைகளுள் ஒன்றாக அமைவதும் இதனால் பொருள்படுகிறது. பின்வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை வெட்சியை மன்னுறு தொழில் என்றும் தன்னுறு தொழில் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது: மன்னன் ஏவலால் செய்வது முன்னது, ஏவலின்றித் தானே மேற்கொள்வது பின்னது.

இப்பாகுபாட்டை இலக்கண நூலாரின் வகைப்படுத்தும் ஆர்வம் என்று ஒதுக்கிவிட முடியாது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் அது கல்லில் நிற்கிறது. 1972இல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி வெளிவந்தது முதல் இவ்வட்டாரம் ஆய்வாளர் அறிந்த ஒன்று. எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அடுத்து வாணகோ அரையரின் உறவினரான பொற்றொக்கையாரின் பெயரும், அவருடைய இளமகனான கருந்தேவக்கத்தியின் பெயரும் வருகின்றன. அவன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்தான். அவனுடைய நாய் கோவிவனும் கல்லில் இடம்பெற்றது. தொலைவிலுள்ள பேரரசன், இடையிலுள்ள தலைவன், களத்தில் மாண்டவன் என மூன்று படிநிலைகளை ஒரு சிறு கல்வெட்டு அடுக்கிக் காட்டுகிறது. பேரரசனின் பங்கு ஆண்டுக் கணக்குக்கு மேல் இல்லை. எருமையை மீட்க ஓடியது முழுவதும் தன்னுறு தொழில்.

நடுகற்காலத்துத் தொறுப்பூசலையும் பதினெட்டாம் நூற்றாண்டுப் பீரங்கிப் போரையும் ஒன்றெனக் கொள்வது இங்கு நோக்கமன்று. ‘ஏவப்பட்டது’, ‘தானே செய்தது’ என்று ஒவ்வொரு செயலுக்கும் குறியிடுவதற்கு நம்மிடம் பொருத்தமான கலைச்சொற்கள் உள்ளன என்பதே சொல்ல விரும்புவது. ஆட்டம் முடிந்தபின் ஒவ்வொரு படையணியின் நகர்வையும் மன்னுறு, தன்னுறு என்று வகைப்படுத்தி எண்ணினால், தலைமையின் சொல் உண்மையில் எவ்வளவு தூரம் சென்றது என்பது எண்ணிக்கையாகவே கிடைத்துவிடும்.

ஆட்டத்தின் அமைப்பு

நடுவரும் சிற்றுரு மேசையும் ஜமுனாமரத்தூரில் இருக்க, ஆடுவோர் வெவ்வேறு ஊர்களில் இருப்பதாக அமைக்கலாம். சென்னை மன்றம், ஸ்மித், வுட், ஹைதர், நிஜாம், திப்பு என ஆறு இடங்கள் போதும். ரைஸ்விட்ஸின் 1:8000 அளவில் செங்கம் – திருவண்ணாமலைச் சாலையை மேசையில் வைத்தால் அதன் நீளமே நான்கு மீட்டரைக் கடக்கும். ஆதலால் படைப்பயணத்தை நிலப்படத்திலும், படைகள் எதிர்ப்படும் இடத்தை மட்டும் மேசையிலும் நடத்துவதே இயலும்.

காலத்தை ஒரு மணிக்கு ஒரு நிமிடம் எனச் சுருக்கலாம். செப்டம்பர் 3 முதல் 26 வரையிலான 23 நாள்களை ஆடி முடிக்க 552 நிமிடங்கள், அதாவது ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல், தேவைப்படும். அஞ்சலோட்டக்காரர் ஒருவர்க்கொருவர் கைமாற்றி ஓடும் வேகத்தை மணிக்கு 5 கி.மீ. என்று விதிப்போமாயின், செங்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் கடிதம் 7 நிமிடத்தில் சேரும். திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 190 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்கு 38 நிமிடம். மறுமொழி வர இன்னொரு 38. கைப்பேசியில் நொடியில் வந்துவிடும் செய்தியை நடுவர் இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்து அனுப்புவார். 76 நிமிடத்துக்கு முன் கேட்ட கேள்விக்கு வரும் விடையைப் படிக்கும்போது, களத்தில் மூன்று நாள் கடந்திருக்கும். மன்றத்தாராக ஆடுபவர் இரண்டாம் கடிதத்திலேயே ‘சூழலுக்கேற்பச் செய்க’ என்று எழுதத் தொடங்குவாரா, அல்லது பாசறைக்கு ஆளனுப்பும் உரிமை கேட்பாரா என்பது ஆட்டத்தின் சுவையான இடமாக இருக்கும்.

வேகத்துக்கு ஊகத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, புதுச்சேரிக்குச் செய்திகள் வந்த நாளைப் பல இடங்களில் குறிக்கிறது. நாள் உறுதியாகத் தெரிந்த நிகழ்வுகளை (1749 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஆம்பூர்ப் போர் போன்றவற்றை) அந்நாட்குறிப்பின் பதிவுகளோடு ஒப்பிட்டால், போர்க்காலத்தில் செய்தி நகர்ந்த வேகத்தைத் தமிழ்ச் சான்றிலிருந்தே கணிக்கலாம். பொருளியல் வரலாற்றுக்கும் அரசியல் வரலாற்றுக்கும் பெரிதும் பயன்பட்டுள்ள இந்நூல், இந்நோக்கிலும் படிக்கத்தக்கது.

காமிராவை அறவே விலக்க வேண்டியதில்லை. அதன் இடத்தை மாற்றினால் போதும். மேசைக்கு மேலே தொங்கவிடாமல், தலைவனுடைய உருவின் கண்மட்டத்தில், மேசைத் தளத்திலேயே கைப்பேசியை நிறுத்தலாம். 28 மி.மீ. உயரமுள்ள உருவின் பின்னிருந்து பார்ப்பவருக்குத் திருவண்ணாமலைக் குன்றின் மறுபுறம் தெரியாது. புழுதிக்குப் பஞ்சு பரப்பிவிட்டால் பகைவர் வருகிறாரா போகிறாரா என்பதும் ஐயமே. செப்டம்பர் 26ஆம் நாளின் தவறான கணிப்பை விதியால் திணிக்காமலே அது தானாக நிகழ இடமுண்டாகும்; நிகழாமற் போனால் அதுவும் ஒரு செய்திதான்.

தகவலின் நம்பகத்தன்மைக்குத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் வழிகாட்டுகிறது. ஒருவரையொருவர் அறியாத மூன்று ஒற்றரின் சொல் ஒத்திருந்தால் அதைத் தெளியலாம் என்னும் அதன் கருத்தை அப்படியே விதியாக்கலாம்: ஒற்றர் ஒருவருக்கான செய்தியை நடுவர் பகடையிட்டு மெய்யாகவோ திரித்தோ தருவார், மூவரை அனுப்பத் துணிபவர் அதற்கீடாக மூன்று குதிரைவீரரைப் படையிலிருந்து இழப்பார். திருவண்ணாமலையின் அரிசியைப் பற்றி ஸ்மித் மூவரைக் கேட்டிருப்பாரா என்பது அப்போது புலப்படும்.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மேலவரும் தம் கீழவர்க்கு எந்தெந்த முடிவுகளைக் கேளாமலே எடுக்கும் உரிமை உண்டு என்று 25 சொல்லுக்குள் எழுதித்தர வேண்டும். ஹைதராக ஆடுபவர் திப்புவுக்கு எழுதும் கடிதமே இவற்றுள் கடினமானது. மிகுதியாகக் கட்டினால் சென்னையருகே அக்குதிரைப்படை வாய்ப்பை இழக்கும். கட்டின்றி விட்டால் வேண்டியபோது திரும்பாது. 1769 மார்ச்சில் ஹைதர் இச்சிக்கலைத் தாமே தீர்த்துக்கொண்ட விதம் குறிப்பிடத்தக்கது. பெரும்படையை வேறு திசையில் அனுப்பிவிட்டு, தேர்ந்த 6,000 குதிரைவீரருடன் மூன்றரை நாளில் 130 மைல் கடந்து சென்னையின் வாயிலில் நேரில் நின்றார். பின்தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஸ்மித்தை நிறுத்தும் ஆணையை மன்றத்தின் கையாலேயே எழுதச் செய்தார். ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பகைவனுடைய ஆணைச்சங்கிலியையே தன் கருவியாக்கிய இந்நிகழ்வைத் தனி ஆட்டமாக அமைக்கலாம். அதற்குச் சிற்றுருக்கள் மிகக் குறைவாகவே தேவைப்படும்.

மலைவழி

இனி ஜவ்வாது மலையே ஆட்டத்தில் பெறும் இடம். ஆம்பூரிலிருந்து செங்கத்துக்கு நேர்கோட்டில் தொலைவு 50 கி.மீ.க்குச் சற்று மேல். அக்கோடு மலையின் குறுக்கே செல்கிறது. சமவெளிச் சாலை திருப்பத்தூர், சிங்காரப்பேட்டை வழியாக மலையைச் சுற்றிவரும். மலைப்பாதையில் ஏற்ற இறக்கத்தால் தூதனின் வேகம் பாதியாகும் என விதித்தால், குறுக்குவழி நேரத்தைப் பெரிதாக மிச்சப்படுத்துவதில்லை. ஆனால் சமவெளியில் பகைவரின் குதிரைப்படை நடமாடும்போது கடிதம் பிடிபட ஆறில் இரு பங்கு வாய்ப்பு என்று கொண்டால், குதிரை ஏற முடியாத மலைவழியில் அந்த இழப்பு இல்லை. வில்க்ஸைப் படித்து மட்டும் நிலப்படம் வரைபவர் இந்த வழியையே குறிக்காமல் விட்டுவிடுவார்.

அவ்வழி ஆளில்லாத வழியன்று. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் வழியாகவே அது செல்ல வேண்டும். எனவே ஏழாவது இடமொன்றை இவ்வமைப்பு சேர்க்கிறது. ஜமுனாமரத்தூரில் மேசையருகே இருக்கும் உள்ளூர் மாணவர் குழுவொன்று மலைப்பாதைகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும். எந்தத் தரப்பின் கடிதமும் அவர்கள் இசைந்தாலன்றி மலையைக் கடக்காது. கூலி கேட்கலாம், காலம் தாழ்த்தலாம், மறுக்கலாம். கடிதத்தைப் படிக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. ஸ்மித்தும் ஹைதரும் அவர்களுக்கு ஆணையிட முடியாது. ஆட்டத்தின் இறுதிக் கணக்கில் அவர்களுடைய செயல் அனைத்தும் தன்னுறு தொழில் என்னும் பத்தியிலேயே பதியப்படும். இக்குழுவுக்குச் சிற்றுருக்கள் வழங்கப்படுவதில்லை. மேசையின் நடுவே நிற்கும் மலையைக் களிமண்ணால் செய்து, அதில் பாதைகளை இடும் பொறுப்பு அவர்களுடையது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடந்தே போகலாம், எந்த ஓடை மழைக்காலத்தில் வழியை அடைக்கும் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு அவர்கள் எழுதிவரும் பட்டியலையே நடுவர் மலைவழிக்கான தொலைவு அட்டவணையாகக் கொள்வார்.